பிறமொழி பயில வருவோர்



பாரிஸ் மாநகரிலே 1814ஆம் ஆண்டில் சீன மொழிக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அதில் முதலில் அமர்ந்தவர் ஆபெல் ரெமூசா என்னும் அறிஞர். அவர் மருத்துவம் பயின்றவர். சீன மொழியை ஏடுகளைக் கொண்டு தாமாகவே கற்றவர். ஆயினும் சீன தேசத்தை அவர் ஒரு நாளேனும் கண்டாரல்லர். எழுத்தைக் கண்ணாற் கற்றார்; ஓசையைச் செவியாற் கேட்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

இன்று நிலைமை வேறு. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களிற் சீனம் பயிலும் மாணவர் பலர், ஓராண்டையேனும் பீக்கிங், ஷாங்காய், தாய்ப்பே முதலிய நகரங்களிற் கழிக்கின்றனர். இரு பல்கலைக் கழகங்கள் தம்முள் உடன்படிக்கை செய்து கொள்கின்றன. அங்கே பெறும் புள்ளிகளை இங்கே ஏற்றுக் கொள்கின்றனர். ஒரே ஒலி, ஏறியும் இறங்கியும் ஒலிப்பதனால் வெவ்வேறு பொருள் தரும் மொழி சீனம். அதனைச் சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் கேட்டல்லவோ பழக வேண்டும்?

பீக்கிங்கைப் பற்றிய பேச்சு கண்டியிலே எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இத்தகைய ஏற்பாடு நம் மலைநாட்டிலும் நடந்ததுண்டு. அதனாலேதான் இப்பேச்சை எடுத்தேன்.

சீன தேசத்திலிருந்து இலங்கைக்குக் கல்வி தேடி வந்த பாகியன் என்னும் துறவியை முதலில் நினைக்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இரண்டாண்டுகள் அநுராதபுரத்திலே தங்கி, தம் நாட்டிற் கிடையாத விநய நூலொன்றைத் தேடிப் பெற்றார். அங்கே ஒரு நாள், புத்தர் சிலையின் முன்னே வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீனத்து விசிறி. அதைக் கண்டதும் கண்ணீர் பெருக்கினாரென அவர் குறிப்பே கூறுகின்றது. வேற்று நாட்டிற் கல்வி கற்கும் மாணவரின் மனநிலையை இதனினும் நன்றாக எடுத்துரைக்கும் செய்தியை நான் அறியேன்.

கண்டி இராச்சியத்தில் மொழி பயின்ற ஐரோப்பியர் என்றால் றொபேட் நொக்சைச் சொல்லலாம். 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் அவர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! கட்டணமில்லை, பரீட்சையுமில்லை; ஆனால் ஊர் திரும்புவதற்கு அனுமதியுமில்லை. அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. ஊர்மக்களின் பேச்சும் உணவும் உழவும் அதில் அத்தனை நுணுக்கமாக அமைந்ததற்கு அந்த நீண்ட வாசமே காரணம். இத்தகைய கல்வியை எவருக்கும் நான் விதந்துரைக்க மாட்டேன்.

அன்புடன் அழைத்துக் கற்பித்த ஏற்பாடு 1982இல் தொடங்கியது. அமெரிக்காவின் போடன் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் ஹோல்ட் முன்னின்று முயன்றதன் பயனாக, அந்நாட்டுக் கல்லூரிகள் சில ஒன்றுகூடித் தம் மாணவரைப் பேராதனைக்கு அனுப்பின. பல ஆண்டுகள் அது நடைபெற்றது. மாணவர்கள் கண்டியிற் குடும்பங்களோடு தங்கினர். பேராதனை ஆசிரியர்களிடம் சிங்களமும் இந்நாட்டு வரலாறும் சமயங்களும் கற்றனர். காலையில் வகுப்பிற் படித்த சொல்லை மாலையில் அடுக்களையிலே வழங்கிப் பார்க்க முடிந்தது. திருத்துவதற்கு வீட்டுத் தாய் இருந்தாள். சிரிப்பதற்கு வீட்டுக் குழந்தைகள் இருந்தனர்.

சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றுண்டு. எழுதும் மொழி ஒன்று. பேசும் மொழி வேறொன்று. நூலை மட்டும் கற்று வருபவன் இங்கே தத்தளிப்பான். கண்டிச் சந்தையிலே ஒரு முறை ஐரோப்பிய மாணவி ஒருத்தியைக் கண்டேன். தன் நாட்டில் இரண்டாண்டுகள் தமிழ் படித்தவள். மரக்கறிக் கடையின் முன் நின்று, “ஐயா, இக்கத்தரிக்காயின் விலை யாது?” என்றாள். கடைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பின்பு, “நீங்க என்ன, வாத்தியாரம்மாவா?” என்று கேட்டு, ஒரு காயைக் கூடுதலாகவே கூடையில் இட்டார். அவள் பேசியதில் இலக்கணப் பிழை யாதுமில்லை. கடைக்காரரின் மறுமொழிதான் அவளுக்கு விளங்கவில்லை.

அம்மாணவிக்குத் தமிழ்ப் பேச்சைப் பயிற்றுவதற்குக் கண்டியில் என்ன ஏற்பாடு உண்டு என்று அன்று எண்ணிப் பார்த்தேன். இன்றும் அந்த எண்ணம் என்னை விட்டபாடில்லை. 1952இல் பல்கலைக் கழகம் பேராதனைக்கு வந்த காலந்தொட்டு அங்கே தமிழ்த்துறை சிறப்புற்று விளங்குகின்றது. பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் அங்கே கற்பித்தனர். தனிநாயகம் அடிகளும் அப்பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்தார். எனினும் கண்டிக்கு மொழி கற்க வரும் அந்நியர், பெரும்பாலும் சிங்களத்தையே நாடி வருகின்றனர். தமிழை நாடுபவர் சென்னைக்கோ மதுரைக்கோ போய்விடுகின்றனர். பேராதனையின் தலைக்குமேல் நிற்கும் அந்தானை மலையிலே தமிழ் வழங்குகின்றதென்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தத் தமிழ் எத்தகையது! ஆங்கிலத்து ‘லைன்’ அங்கே லயமாயிற்று. தொழிலாளர் காலையிற் கூடும் இடம் பிரட்டுக் களம். ஒரு நாள் வேலைக்குரிய கூலி ‘ஒரு பேர்’. கொழுந்து, கங்காணி, கணக்கப்பிள்ளை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இச்சொற்களிற் சிலவற்றை எந்த அகராதியிலும் மாணவன் காணான். முதியவர்கள் மறையும்போது சில சொற்களும் உடன் மறைகின்றன. இவற்றைக் கேட்டு எழுதி வைக்க நம் மாணவரும் வருவதில்லை, அயலாரும் வருவதில்லை.

உடன்படிக்கைகளைப் பற்றி ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். மாற்று என்று பெயர். ஆனால் போக்குவரவு சமமாயிருப்பது அரிது. செல்வ நாட்டு மாணவர் வருவது எளிது. நம்மவர் அங்குச் செல்வதற்குப் பணம் தடையாகின்றது. சீனத்தின் வழி சிறிது வேறு. களனிப் பல்கலைக் கழகத்திற் கொன்பியூசியஸ் நிலையம் 2007இல் ஏற்பட்டது. சீன மொழியை இங்கேயே கற்பித்து, உதவிச் சம்பளத்துடன் இளைஞரைத் தம் நாட்டுக்கும் அழைக்கின்றனர். தம் மொழியைப் பிறர் கற்க வேண்டுமென்று விரும்பும் அரசு அதற்குப் பொருள் செலவிடுகின்றது.

நமக்கு அத்தகைய பொருளில்லை. வீடுகள் உண்டு. அந்தானையிலும் கலகாவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் ஒரு மாணவனுக்கு ஒரு பாயும் ஒரு பிடி சோறும் கொடுக்கக்கூடிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கேட்பாரைத்தான் இன்னும் காணோம். அடுத்த விடுமுறையில் அம்மாணவி திரும்பி வருவதாகக் கடிதம் எழுதியிருக்கின்றாள். கத்தரிக்காய்க் கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.