நம் நாட்டுக் காட்டை நாமும் காண்போம்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தோட்டத்து மக்களைத் தாமான் நெகாரா என்னும் தேசியப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டில் நாமும் பங்கு கொண்டோம். பெயர் பதியும் நாளன்று மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்து, "ஐயா, கோயிலுக்குப் போனால் புண்ணியம் உண்டு. கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் விளையாடும். காட்டைப் பார்க்கவா காசு கட்டிப் போவார்கள்? விடிந்தால் மரத்தின் முகத்தில்தானே விழிக்கிறோம்!" என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. இன்றைய உரையை அந்த அம்மையாருக்கு நாம் கூறும் விடையாகவே கொள்ளலாம்.

நாம் அன்றாடம் காண்பது தோட்டம், காடு அன்று. பால் மரம் இந்நாட்டு மரமும் அன்று. அது தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் பிறந்தது. 1876ஆம் ஆண்டில் அதன் விதைகள் அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கிருந்து அனுப்பப்பட்ட கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூரை வந்தடைந்தன. பின்னர் அம்மரத்திற்கு இடம் தரும் பொருட்டு இங்கிருந்த காடுகள் வெட்டப்பட்டன. அவ்வாறு காடு திருத்தியவர்களுள் நம் பாட்டன்மாரும் அடங்குவர். காய்ச்சலுக்கு இரையானோர் அவர்களுள் பலர். எனவே காடு என்றதும் எழும் அச்சம் நம் குடும்பங்களில் வழிவழியாக வந்துவிட்டது. ஆனால் அவர்கள் கண்ட காடு எப்படி இருந்தது என்பதை அவர்தம் பேரப்பிள்ளைகள் அறியார். அதனை இன்றும் காணத்தக்க இடமே தாமான் நெகாரா.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது இப்பூங்கா. வனவிலங்குகளைக் காக்க வேண்டுமெனத் தியோடர் ஹப்பாக் என்பார் பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்தார். அதன் பயனாக, மூன்று மாநிலச் சுல்தான்களின் இசைவுடன் 1930களின் இறுதியில் இந்நிலம் ஒதுக்கப்பட்டது. அந்நாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியிருந்த பூங்கா, நாடு சுதந்திரம் பெற்ற பின்னர் தாமான் நெகாரா எனப் பெயர் மாற்றம் பெற்றது. தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாகான் இங்குதான் உள்ளது. அதன் உயரம் 2,187 மீட்டர். யானை, புலி, காட்டெருமை ஆகியவற்றுக்கு இது வீடு. பாத்தேக் எனப்படும் பூர்வகுடி மக்களுக்கும் இதுவே வீடு.

ஜெராண்டுட் நகரை அடைந்து, அங்கிருந்து தெம்பெலிங் ஆற்றின் வழியாகப் படகிலோ, சாலை வழியாகவோ கோலா தாகானுக்குச் செல்லலாம். தாகான் ஆறு தெம்பெலிங் ஆற்றுடன் கலக்கும் இடம் அது. நாம் படகிலேயே சென்றோம். ஆற்றைக் கடந்தால் பூங்காவின் அலுவலகம் உள்ளது. அங்கே பதிவு செய்து, அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே காட்டுக்குள் நுழைதல் வேண்டும்.

முதல் நாள், புக்கிட் தெரெசெக் என்னும் குன்றின் மீது ஏறினோம். நம் தோட்டங்களில் மரங்கள் கோடு போட்டது போல் நிரை நிரையாக நிற்கும். எந்த மரத்தடியில் நின்றாலும் பாதை எங்கே என்று நமக்குத் தெரியும். காட்டிலோ நிரை என்பதே இல்லை. ஒரு மரத்தைப் போல் அடுத்த மரம் இராது. பாதையை விட்டு இருபது அடி விலகித் திரும்பிப் பார்த்தால், வந்த வழி தெரியாது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய தொழிலாளி ஒருவரே, "இங்கே என்னைத் தனியே விட்டால் நான் சின்னப் பிள்ளைதான்" என்று ஒப்புக்கொண்டார்.

வழியில் பல ஆள் கட்டிப் பிடித்தாலும் அடங்காத பெருமரம் ஒன்று நின்றது. நம்மைக் கேள்வி கேட்ட அந்த மூதாட்டி அதன் மீது கையை வைத்தவாறு நெடுநேரம் நின்றார். பிறகு, "இப்படிப்பட்ட மரத்தையா என் அப்பன் கோடரியால் சாய்த்தான்?" என்றார். அதன்பின் அவர் காசைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை குவா தெலிங்கா என்னும் சுண்ணாம்புக்கல் குகைக்குச் சென்றோம். காதுக் குகை என்பது அதன் பொருள். சில இடங்களில் குனிந்தும் சில இடங்களில் தவழ்ந்தும் செல்ல வேண்டும். கூரையெங்கும் வௌவால்கள் தொங்கும். பிள்ளைகள் அருவருப்படைந்தபோது அவர்களுக்கு ஒன்று கூறினோம்: இரவில் மலரும் துரியான் பூக்களில் மகரந்தம் சேர்ப்பவை, குகைகளில் வாழும் ஒருவகை வௌவால்களே. அவை அழிந்தால் துரியான் விளைச்சலும் குன்றும். அதன் பின்னர் ஒருவரும் விளக்கை அவற்றின் மீது அடித்து விரட்டவில்லை.

அன்று பிற்பகல், தாகான் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள லாத்தா பெர்கோவுக்குப் படகில் சென்றோம். பாறைகளின் மீது நீர் படிப்படியாக விழுந்து, கீழே ஆழமான மடுவாகத் தேங்கும் இடம் அது. வானம் தெளிவாக இருந்தது. இளைஞர்கள் நீரில் இறங்கினர். தாய்மார்கள் பாறை மீது சோற்றுப் பாத்திரங்களைத் திறந்தனர். திடீரெனப் படகோட்டி எழுந்து நின்று, "லெக்காஸ்! லெக்காஸ்!" என்று கூவினார். அவர் கண்டது வேறொன்றுமில்லை. தெளிந்திருந்த நீர் கலங்கியது, சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. அவ்வளவுதான். நாம் அனைவரையும் கரையின் மேட்டுக்கு ஏற்றினோம். ஓர் இளைஞர் மட்டும் செருப்பை எடுக்கத் திரும்பினார். அவருடைய அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு வந்தார். சில நிமிடங்களுக்குள் நாம் அமர்ந்திருந்த பாறை நீரில் மறைந்தது. சோற்றுப் பாத்திரங்கள் போயின. உயிர்கள் பிழைத்தன.

இதனைக் கெப்பாலா ஆயர் என்பர். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழையும் இராது. ஆனால் மலைமேல் பெய்த மழைநீர் சரிவுகளிலிருந்து ஒன்றுசேர்ந்து ஒரே வேகத்தில் இறங்கிவிடும். நம் நாட்டு நீர்வீழ்ச்சிகளில் இதனால் மாண்டோர் உண்டு. ஆகவே, நீர் கலங்கினாலும், சருகுகள் மிதந்து வந்தாலும், மட்டம் உயர்ந்தாலும், இரைச்சல் பெருகினாலும் எப்பொருளையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஏறுங்கள். மழை மேகம் மலையை மூடியிருக்கும்போது நீரில் இறங்காதீர்கள். மது அருந்தியவரை நீர் ஓரம் விடாதீர்கள்.

மேலும் சில கூறுவோம். பாதையை விட்டு விலகாதீர்கள். வழி தவறிவிட்டால் அலையாமல் அங்கேயே இருந்து குரல் கொடுங்கள். குனோங் தாகான் ஏற விரும்பும் இளைஞர்கள் வழிகாட்டியின்றிச் செல்ல அனுமதி இல்லை. கோலா தாகானிலிருந்து சென்று திரும்ப ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆற்றில் குளித்துத் திரும்பிய பின்னர் சில நாள்களில் காய்ச்சல் கண்டால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலை அவர் விரைவில் அறிய அது உதவும்.

எப்போது செல்வது? ஆண்டு இறுதியில் பெருமழைக் காலம், அப்போது வேண்டாம். பால் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதங்களை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி வரும் அந்நாள்களே காட்டுக்கும் ஏற்ற நாள்கள். லயத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை சேமித்து வந்தால், ஓராண்டில் பேருந்துச் செலவு சேர்ந்துவிடும். ஒருவர் கணக்கை எழுதி, எல்லார்க்கும் காட்டட்டும். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

தோழர்களே, காட்டை அறியாததால் வீட்டிலேயே தங்கிவிடுவோரும் உளர். காட்டை அறியாததால் துணிந்து நீரில் குதிப்போரும் உளர். இரண்டுக்கும் காரணம் அறியாமை ஒன்றே. இந்நாட்டை உழைத்து வளர்த்தவர்களில் நாமும் ஒரு பகுதியினர். ஆதலின் இந்நாட்டின் மலையும் அருவியும் குகையும் நம்முடையவையும் ஆகும். அறிந்து செல்வோம், கண்டு மகிழ்வோம், ஒருவர் குறையாமல் வீடு திரும்புவோம்.

திரும்பும் வழியில் பேருந்தில் அந்த மூதாட்டி நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த தடவை எப்போது ஐயா? என் பேத்தியின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்."