பத்திரத்தில் யார் பெயர்?

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மண்ணைக் காக்க அரசு பணம் வழங்குமாயின், அப்பணம் யார் கையைச் சென்றடைகிறது? இந்த ஒரு வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். விடையை அமெரிக்க நாட்டின் ஆர்கன்சா மாநிலத்தில், பாயின்செட் என்னும் நாட்டுப்புறக் கவுண்டியில் தேடுவோம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு.

அங்கே பருத்தி விளைவித்தோருள் மிகப் பலர் நிலமற்ற வாரக்குடிகள். கறுப்பரும் இருந்தனர், ஏழை வெள்ளையரும் இருந்தனர். உழைப்பு இவர்களுடையது, நிலமும் கணக்கேடும் நிலக்கிழாருடையவை.

பருத்தி விலை வீழ்ந்திருந்த காலம் அது. சாகுபடிப் பரப்பைக் குறைப்போருக்கு ஈட்டுத்தொகை வழங்க 1933இல் சட்டம் வந்தது. 1934-35ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, விளைவிக்காது விட்ட பருத்திக்கு ராத்தலுக்கு நாலரை சென்ட். அதில் மூன்றரை சென்ட், வாடகை என்னும் பெயரால் நிலக்கிழாருக்கு. எஞ்சிய ஒரு சென்டில் பாதியே வாரக்குடிக்கு. ஒன்பதில் ஒரு பங்கு! அதுவும் நிலக்கிழாரின் கைவழியே வந்து சேரவேண்டும்.

குடிகளின் எண்ணிக்கையை இயன்றவரை குறைக்கலாகாது என்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. ‘இயன்றவரை’ என்ற ஒரு சொல்லே ஏழைகளின் குடிசையைப் பிரித்தெறியப் போதுமானதாயிற்று. நிலம் தரிசானதும் குடும்பங்கள் தெருவில் நின்றன. அதே குடிகளையே வைத்திருத்தல் வேண்டும் என்று துறையின் சட்ட அலுவலர்கள் 1935இல் விளக்கம் தந்தனர். அவர்களுட் சிலர் பதவியிழந்ததுதான் மிச்சம்.

1936 சனவரியில் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாதென்றது. அடுத்த மாதமே மண்வளக் காப்புச் சட்டம் பிறந்தது. மண்ணை இளைக்கச் செய்யும் பருத்தியை விடுத்து, மண்ணை வளப்படுத்தும் பயறும் புல்லும் வளர்ப்போருக்கு உதவித்தொகை. நோக்கம் நன்றே, மண் அரிப்பு மெய்யான கேடே. ஆயினும் புல் வளர்க்கப் பல கைகள் வேண்டா. குடியை நாட்கூலியாக்கி விட்டால் அவன் பங்கும் நிலக்கிழாருக்கே. மண் காக்கப்பட்டது, மண்ணில் உழைத்தவன் காக்கப்படவில்லை.

அம்மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. 1934 சூலையில் டைரோன்சா என்னும் ஊரருகே ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் கூடினர். தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற வினா எழுந்தது. அதே மாநிலத்தின் எலைன் பகுதியில் 1919இல் கறுப்பர் சங்கம் குருதியில் மூழ்கடிக்கப்பட்டதை அறிந்த முதியவர் ஒருவர், பிரிந்து நின்றால் வீழ்வோம் என்பதை எடுத்துரைத்தார். ஒரே சங்கம் உருவாயிற்று. உதவித்தொகையைக் குடிகளுக்கு நேரே வழங்குக என்று தென்னகக் குத்தகை உழவர் சங்கம் முழங்கிற்று. அடியும் சிறையும் கண்டு அது பின்வாங்கவில்லை.

தோழர்களே! இது கடல் கடந்த கதை மட்டுமா? உழவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்குவதாக 2019இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டமும் நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே உரியது. வாரத்துக்கு உழுபவனும் கூலிக்கு நடவு நடுபவளும் அப்பட்டியலில் இல்லை. குத்தகையாளர் பெயரைப் பதிவு செய்ய வழிவகுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1969இலேயே வந்தது. நம் சேரியில் எத்தனை பேர் அதன் பயனைப் பெற்றிருக்கின்றோம்?

கல்வி என்பது பட்டம் பெற்று ஊரைவிட்டுப் போவதற்கு மட்டும் அன்று. அரசாணையின் ஒவ்வொரு சொல்லையும் படித்து, ‘இயன்றவரை’ என்பது போன்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டு, எழுத்தறியாத நம் பெற்றோருக்கு விளக்குவதும் கல்வியே. இவ்வெள்ளி விழா நாளில் ஒவ்வோர் இளைஞரும் தம் தெருவில் ஒரு குடும்பத்தின் நிலப் பத்திரத்தையேனும் குத்தகைச் சீட்டையேனும் வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். அக்கேள்வியிலிருந்தே நம் உரிமை தொடங்குகிறது.