மலை ஒச்சும் கடல் ஓடிலியும்



கடல் உயிர்களைப் பற்றி மலையோரத்தில் பேச என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். ஆடி மழையில் நெல்லியாம்பதி இலைமேல் ஊர்கிற ஓர் உயிருக்கும், மன்னார் வளைகுடாவில் பாசிமேல் ஊர்கிற இன்னோர் உயிருக்கும் இரத்த சொந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் 'கடல் அட்டை' என்பது வேறு. அது நட்சத்திர மீனின் உறவு. நான் பேசுவது நத்தைக் குடும்பத்தில் ஓட்டை இழந்தவற்றை, அல்லது இழந்துகொண்டிருப்பவற்றைப் பற்றி. அவற்றை ஓடிலிகள் என்கிறேன்.

எஸ்டேட் பாதையில் ஒரு மழைநாளில், ஏலச்செடியின் இலையில் குங்கும நிறத்தில் ஏதோ அசைந்தது. அட்டை என்று எண்ணிக் காலை இழுத்துக்கொண்டேன். கூட வந்த அம்மா சிரித்தார்: "அது கடிக்காது சார், ஒச்சு." நத்தைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் ஒச்சு. குனிந்து பார்த்தேன். முதுகில் தேன் நிறத்தில், கண்ணாடிபோல் மெல்லிய சிறிய ஓடு. உடல் அதற்குள் அடங்காது. வலப்பக்கம் ஒரு சிறு துளை மெல்லத் திறந்து மூடியது. அதுதான் மூச்சுத்துளை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் அது.

அதன் பெயர் இந்திரெல்லா ஆம்புல்லா. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சிவப்பிலும் மஞ்சளிலும் வெளிர்நிறத்திலும் இருக்கும். மூன்றும் ஒரே இனந்தான். அந்தப் பேரினத்தில் வேறு இனமே கிடையாது. 'ஆம்புல்லா' என்ற இனப்பெயரை 1850-இல் தந்தவர் வில்லியம் பென்சன். 1901-இல் 'இந்திரெல்லா' என்று தனிப் பேரினம் அமைத்தவர் காட்வின்-ஆஸ்டின். காரகோரம் மலைகளை அளந்தவர் அவர். கே2 சிகரத்தை அவர் பெயரால் அழைத்தவர்களும் உண்டு. ஓட்டை மட்டும் வைத்து நத்தைகளைப் பிரித்த காலத்தில், உடலை அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்த்தவர். பனிமலை ஏறியதைவிட இதுவே அவருடைய பெரிய வேலை என்பேன்.

இனி கடல். மன்னார் வளைகுடாவின் மண்டபம் கரையோரத்தில் காலர்பா என்ற பச்சைப் பாசி வளர்கிறது. அதில் சில வகைகள் திராட்சைக் கொத்துபோலத் தோன்றும். இத்தகைய பாசிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் ஓடிலிக் கூட்டத்துக்கு சாக்கோகுளோசா என்று பெயர். பை நாக்கு என்று பொருள். ஒற்றை வரிசைப் பற்களில் முன்னால் இருக்கும் பல்லால் பாசியின் செல்லைக் குத்தும். தேய்ந்த பற்களைப் பையில் சேர்த்துவைக்கும். சில இனங்கள் பாசியின் பச்சையத் துகள்களைச் செரிக்காமல் தம் உடலிலேயே வைத்திருக்கின்றன. பாசியும் அவையும் ஒரே பச்சை. தேடும் கண்ணுக்குத்தான் தெரியும்.

இந்தக் கூட்டத்தில் வினோதமானவை இரட்டை ஓட்டு இனங்கள். வெற்று ஓடுகளை மட்டும் கண்ட அறிஞர்கள் அவற்றைச் சிப்பிகள் என்றே வகைப்படுத்தினார்கள். 1959-இல் ஜப்பானின் தமானோவில் காலர்பாவின்மேல் உயிரோடு கிடைத்தபோது, சிப்பிக்குள்ளிருந்து நத்தைத் தலை நீண்டது! நம் வங்கக்கடலில் வால்டேர்க் கரையிலும் இவற்றில் ஓர் இனம் பதிவாகியிருக்கிறது.

பாடநூல்கள் வெகுகாலம் கடல் ஓடிலிகளையெல்லாம் 'பின்செவுளிகள்' என்று ஒரு கட்டிலும், நில நத்தைகளை 'நுரையீரலிகள்' என்று இன்னொரு கட்டிலும் கட்டிவைத்தன. 2010-இல் காதரினா யோர்கரும் உடன் ஆய்ந்தவர்களும் மரபணுக்களை ஒப்பிட்டு அந்தக் கட்டுகளை அவிழ்த்தார்கள். சாறுறிஞ்சும் சாக்கோகுளோசாவும் நில நத்தைகளும் பான்பல்மொனாட்டா என்ற ஒரே கிளையில் நின்றன. அதே கடலில் வாழும், செவுள் வெளியே தெரியும் வண்ண ஓடிலிகள் வேறு கிளைக்குப் போயின. மண்டபத்துப் பச்சை ஓடிலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தூரத்து உறவு; மூணாறு மலை ஒச்சு நெருங்கிய உறவு. வாழும் இடம் ஒன்றாக இருந்தால் குலமும் ஒன்று என்று இனி யாரும் எழுத முடியாது.

மலை ஒச்சுக்கு இனப்பெயர் தந்த பென்சனைப் பற்றி இன்னொரு செய்தி. 1847-இல் மொரீசியசிலிருந்து அவர் கொண்டுவந்த ஆப்பிரிக்க நத்தைகள்தாம் கல்கத்தாத் தோட்டமொன்றில் விடப்பட்டன. அந்த இனம் இன்று கேரளத்தில் பல ஊர்களில் வாழையையும் காய்கறியையும் தின்று தீர்க்கிறது. மழைக்காலத்தில் உப்போடு நாம் அலைவது அதனால்தான். அந்தக் கோபத்தில் நம் மலை ஒச்சின்மேலும் உப்பு விழுகிறது. உடலின் நீர் வெளியேறி அது செத்துப்போகும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உப்பை எடுக்குமுன் ஓட்டைப் பாருங்கள். கூம்பாக, தடித்து, பழுப்புக் கோடுகளோடு, உடல் முழுவதையும் உள்ளிழுத்துக்கொள்ளும் ஓடு என்றால் அது ஆப்பிரிக்க நத்தை. தேன் நிறத்தில் மெல்லிய ஓட்டுக்கு வெளியே சிவப்போ மஞ்சளோ வழிந்து கிடந்தால் அது நம்முடையது. அதை இலையோடு எடுத்துக் காட்டு ஓரத்து நிழலில் விட்டுவிடுங்கள்.