உயர்தர வகுப்பிற் கணிதம் கற்பதா?

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



க. பொ. த. சாதாரணதரப் பரீட்சையை எழுதி முடித்த மாணவர்க்குப் பயன்படத்தக்க பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். அப்பருவத்திலே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்னால் நிற்கும் பெருவினா, உயர்தரத்தில் எதைப் படிப்பது என்பதேயாகும். அதிலும், கணிதத்தை எடுப்பதா விடுவதா என்பதே பலரைக் கலக்குகின்றது. ஆதலின் அதனையே இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

நம் வீடுகளில் இத்தீர்மானம் எவ்வாறு நிகழ்கின்றது? பெறுபேறு வந்த அன்று கணிதத்திற்கு 'ஏ' இருந்தால், "இவன் எஞ்சினியராக வரவேணும்" என்கிறார் தகப்பனார். பெண்பிள்ளையாயின், "உயிரியலை எடு, பிள்ளை" என்று பேரனார் முடித்துவிடுகிறார். அண்ணன் படித்தான் என்று தம்பியும், தோழி எடுத்தாள் என்று தோழியும் எடுக்கின்றனர். போதாததற்குப் பழம்பெருமை வேறு. உரும்பிராயிலே பிறந்த சுந்தரலிங்கம் இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதற் கணிதப் பேராசிரியர்; 1949இற் கணிதப் பேராசிரியரான எலியேசர் கேம்பிரிட்சிலே டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர்; ஆகவே கணிதம் எங்கள் மண்ணின் சொத்து என்கிறோம். பெருமை நன்றே. ஆயினும், அப்பெரியார்கள் மண்ணின் பெருமைக்காகக் கணக்குச் செய்தவர்களல்லர். கணக்கில் மனம் பற்றிச் செய்தவர்கள். இத்தனை பேரும் பேசும்போது, படிக்கப்போகும் பிள்ளையின் மனம் எங்கே நிற்கிறதென்று கேட்பாரில்லை.

சாதாரணதரத்தில் 'ஏ' பெற்றது போதாதா என்பீர்கள். போதாது; ஏனெனக் காட்டுகின்றேன். அங்கே வரியும் வட்டியும் பங்குகளும் படித்தீர்கள். கூம்பின் கனவளவு கண்டீர்கள். வட்டத் தேற்றங்களை நிறுவினீர்கள். அவை யாவும் நல்லவையே. ஆயின் அங்கு வரும் வினாவின் இயல்பு வேறு. ஓரெண்ணின் வர்க்கத்திலிருந்து அவ்வெண்ணின் 5 மடங்கைக் கழித்து 6ஐக் கூட்டினாற் பூச்சியம் வருகின்றது, அவ்வெண் யாது? காரணிப்படுத்தி, 2 அல்லது 3 என்று இரண்டு நிமிடத்திற் சொல்லிவிடுவீர்கள். உயர்தர வகுப்பிலோ, 6 இருந்த இடத்திலே பெயரறியா ஓரெண்ணை வைத்து, "அது எவ்வெல்லைக்குள் இருந்தால் விடைகள் இரண்டும் மெய்யெண்களாயும் நேரெண்களாயும் அமையும்?" என்று கேட்பர். பூச்சியத்திலும் பெரிதாய், ஆறேகாலுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது விடை. முன்னதற்கு வழி தெரிந்தாற் போதும். பின்னதற்கு, அவ்வழி ஏன் செல்கிறது, எங்கே செல்லாது என்பதும் தெரியவேண்டும். இரண்டாம் வினாவைக் கேட்டதும் உங்களுக்குச் சலிப்பு வந்ததா, அல்லது ஒரு கடதாசித் துண்டைத் தேடினீர்களா? அதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பாடத்தின் பரப்பைப் பார்ப்போம். முன்னாளில் உயர்தரத்திற்கு நான்கு பாடங்கள். தூய கணிதமும் பிரயோக கணிதமும் வெவ்வேறு. 2000ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் மூன்று பாடங்களாகி, அவ்விரண்டும் இணைந்த கணிதம் என்னும் ஒரே பாடமாயின. பெயர் ஒன்றானாலும் வினாத்தாள் இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். முதலாவதில் அட்சரகணிதம், திரிகோணகணிதம், வகையீடு, தொகையீடு, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் முதலியன வரும். இரண்டாவதில் காவிகள், நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு முதலியன வரும். இவற்றுள் வகையீடும் தொகையீடும் நீங்கள் முன்பு கண்டறியாதவை. ஆதலாற்றான் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் முதல்வனாய் நின்றவன், பன்னிரண்டாம் வகுப்பின் முதற் பரீட்சையிலே நாற்பது புள்ளி பெற்று நடுங்குகின்றான். அது அறிவின் குறைவன்று. புதிய நாட்டிற் கால்வைத்த தடுமாற்றமே.

இத்தீர்மானத்திற் பிழைத்தால் வரும் இழப்பு யாது? அது இரு பக்கமும் உண்டு. கணிதத்தை அஞ்சி விட்டவனுக்குச் சில வாயில்கள் அடைபடும். பொறியியற் பீடத்திற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். உயிரியல் கற்றவர் பின்னர் மனம் மாறினாலும் அங்கே நுழைதல் இயலாது. கணிதம் பொறியியலுக்கு மாத்திரமன்று. புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், நில அளவை, கணித ஆசிரியம் ஆகிய யாவற்றிற்கும் அதுவே அத்திவாரம். மறுபக்கம், மனமில்லாமல் கௌரவத்திற்காக எடுத்தவனின் நிலை யாது? பல்கலைக்கழக அனுமதியைக் கருதி மூன்று முறையே பரீட்சைக்குத் தோற்றலாம். முதன்முறை தவறி, இரண்டாம் முறை தவறி, மூன்றாம் முறையும் எழுதி, இருபத்திரண்டு வயதில் வெறுங்கையோடு வீட்டு விறாந்தையில் இருக்கும் இளைஞரை நீங்கள் அறியீர்களா? வர்த்தகத்திலோ கலையிலோ தொழினுட்பத்திலோ சிறந்திருக்கக்கூடிய பிள்ளை, 'என்னால் ஒன்றும் ஏலாது' என்று நம்பிவிடுகிறது. பறிபோனது பரீட்சை மட்டுமன்று. தன்மேல் வைத்த நம்பிக்கையும் போயிற்று.

அப்படியாயின் தீர்மானிப்பது எங்ஙனம்? ஒரு பரிசோதனை சொல்கின்றேன். பரீட்சை முடிந்த ஓய்வுக் காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் புத்தகத்தை இரவல் வாங்குங்கள். இருபடிச் சார்புகள், சமனிலிகள் என்னும் பகுதிகளை இரண்டு வாரம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், தனியே இருந்து செய்து பாருங்கள். தனியார் வகுப்பிற் போய் இருந்து பார்த்தல் இதற்கு உதவாது. அங்கே ஆசிரியர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் விளங்குவது போலவே தோன்றும். எத்தனை கணக்குச் சரிவந்தது என்று எண்ணவேண்டாம். சரிவராத கணக்கை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். மறுநாட் காலையில் அதனிடம் திரும்பிப் போனீர்களாயின், பெறுபேறு 'பீ' ஆயினும் துணிந்து எடுங்கள். புத்தகத்தை மூடியதும் ஆறுதல் பிறந்ததாயின், 'ஏ' ஆயினும் மீண்டும் யோசியுங்கள். எடுத்த பின்பு பொருந்தாதெனக் கண்டால், முதலாந் தவணைக்குள்ளேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் மாறுதல் மிக அரிது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையிடம் "என்னவாக வரப்போகிறாய்?" என்று கேட்பதை விட்டு, "எந்தப் பாடத்தில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பெண்பிள்ளைக்குக் கணிதம் கடினம் என்னும் பேச்சை வீட்டு வாசலுக்கு வெளியே விடுங்கள். கணக்குக்கு ஆண் பெண் தெரியாது.

இறுதியாகச் சங்கத்து இளைஞருக்கு ஒரு விண்ணப்பம். கணிதப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உண்டு. 1சி வகைப் பாடசாலையிற் படிக்கும் கிராமத்துப் பிள்ளை, கணிதம் கற்பதாயின் தன் பாடசாலையை விட்டுப் பட்டினத்துக்கு வரவேண்டும். பஸ் காசும் தங்குமிடமும் இல்லாமையால், விருப்பமுள்ள பிள்ளையே கணிதத்தை விட்டுவிடுகிறது. அத்தகைய பிள்ளைக்கு நான் சொன்ன பரிசோதனை மட்டும் போதாது, கைகொடுப்பார் வேண்டும். உங்களுள் இணைந்த கணிதத்திற் சித்தியெய்தியோர் பலர் இருக்கின்றீர்கள். சனிக்கிழமை தோறும் இம்மண்டபத்திலே இரண்டு மணி நேரம் இருந்து, வரும் பிள்ளைகளின் ஐயத்தைத் தீர்த்தால் என்ன? பழைய புத்தகங்களைச் சேர்த்து ஓர் அலுமாரியில் வைத்தால் என்ன? செலவு சிறிது, பலன் பெரிது.

கணிதத்தை எடுப்பவர் விரும்பி எடுக்கட்டும். விடுபவர் அறிந்து விடட்டும். அச்சத்தால் விடுவதும் கௌரவத்தால் எடுப்பதும் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.