தன்னை அறிதலும் பிறரை நடத்துதலும்: கிள்ளான் 1941 தரும் பாடம்



தலைமைத்துவம் பற்றி இன்று நம் பள்ளிகளில் பயிலரங்குகள் பல நடைபெறுகின்றன. மேடையில் அஞ்சாது பேசுதல், குழுவை ஒருங்கிணைத்தல், காலத்தை வகுத்துக்கொள்ளுதல் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. அவை வேண்டியவையே. எனினும், பிறரை நடத்த முற்படுவோர் முதலில் தம்மை அறிந்திருத்தல் வேண்டும். தன்னை அறிதல் என்றவுடன், தனித்திருந்து தம் உள்ளத்தை ஆராய்தல் என்றே பலரும் கருதுவர். தலைமைக்கு வேண்டிய தன்னறிவு அவ்வளவில் நிறைவு பெறுவதில்லை. நம் பொறுப்பில் உள்ளோரின் கண்ணுக்கு நாம் எவ்வாறு தோன்றுகிறோம் என்பதை அறிவதும் அதனுள் அடங்கும். இக்கருத்தை, இக்கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு விளக்க விழைகிறோம்.

அதற்கு முன், திருவள்ளுவர் அரசனுக்கு உரியவற்றை வகுத்துள்ள முறையைச் சற்றே நோக்குவோம். தக்காரை ஆராய்ந்து பணியில் அமர்த்துவதைக் கூறும் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரம். அரசன் தன்னிடம் உள்ள குற்றங்களைக் களைவதைக் கூறும் 'குற்றங்கடிதல்' 44ஆம் அதிகாரம். பிறரை எடைபோடுமுன் தன்னை எடைபோடுதல் வேண்டும் என்பது அவ்வரிசையிலேயே விளங்குகிறது. 'குற்றங்கடிதலை' அடுத்து வருவது 'பெரியாரைத் துணைக்கோடல்'. தவறு கண்டவிடத்துக் கடிந்துரைப்போரை அருகில் வைத்துக்கொள்ளாத அரசன் தன் அழிவைத் தானே தேடிக்கொள்கிறான் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. தன் குற்றத்தைத் தானே முழுமையாகக் காணுதல் எவர்க்கும் அரிது. அதைக் காட்டுவதற்கு மற்றொருவர் வேண்டும். இவ்விரண்டு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தம் அதுவே என நாம் கொள்ளலாம்.

இனிக் கிள்ளானுக்கு வருவோம். ஆண்டு 1941. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. மலாயாவின் ரப்பருக்குத் தேவை பெருகியிருந்தது. ஆயின் அந்த ரப்பர் மரங்களைச் சீவிய தமிழ்த் தொழிலாளிக்குக் கிடைத்ததோ நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை வெள்ளிக் கூலியே. சீனத் தொழிலாளர் பெற்றது அதனினும் மிகுதி. அந்நிலையில், அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தம் எழுந்தது. அதனை முன்னின்று நடத்தியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர் அவர்.

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகள் 12. அப்பட்டியலைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி முதலில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, 10 முதல் 12 மணி நேரம்வரை நீண்ட வேலைநாளை ஒழித்தல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக இசைவு, பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை ஆகியவையும் அதில் உள்ளன. இவற்றுக்கு நடுவே ஒரு கோரிக்கை நம் கண்ணை நிறுத்துகிறது. துரையின் முன்னும் தோட்ட அலுவலர்களின் முன்னும் மிதிவண்டியைவிட்டு இறங்காமல் செல்ல இசைவு வேண்டும் என்பதே அது.

கூலிக்காகப் போராடியவர்கள் மிதிவண்டியை ஏன் பேசினார்கள்? கூலி வயிற்றைப் பற்றியது. மிதிவண்டி மானத்தைப் பற்றியது. எதிரே துரை வந்தால் இறங்கவேண்டும். கிராணி வந்தாலும் இறங்கவேண்டும். இறங்கி, அவர் கடந்து செல்லும்வரை ஒதுங்கி நிற்கவேண்டும். நாள்தோறும் இவ்வாறு இறங்கியவர், தாம் இறங்குவது இயற்கையன்று, இது தம்மீது சுமத்தப்பட்டது என்று உணர்ந்த அந்த நாளில் அவரிடம் தன்னறிவு பிறந்தது. அவ்வுணர்வு இல்லையேல், மற்றக் கோரிக்கைகளை எழுப்பும் குரலே எழுந்திராது.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டிய மற்றொன்று உண்டு. அப்பட்டியல் துரைமாரை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை. கொடுமை புரிந்த ஆசிய அலுவலர்களை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்துக என்றது. பெண்களிடம் அத்துமீறுவதை ஐரோப்பியரும் பிற அலுவலரும் நிறுத்துக என்றது. கள்ளுக்கடைகளை மூடுக என்றது. கிராணிகளுள் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த, ஆங்கிலம் கற்ற நம்மவர்களே. கள்ளுக்கடைக்குச் சென்றவர்களும் நம்மவர்களே. வெளியே உள்ள பகையைச் சுட்டும் விரல், உள்ளே உள்ள குறையையும் சுட்டியது. ஒரு சமூகம் தன்னையே ஆராய்ந்ததற்கு இதனினும் தெளிவான சான்று நம் நாட்டு வரலாற்றில் அரிது.

அந்தக் கிராணியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவரும் துரையின் முன் கைகட்டி நின்றவரே. கடல் கடந்து வந்து, படித்த படிப்பால் ஓர் இருக்கையைப் பெற்றவர். மனைவி மக்களுக்கு நல்லவராக இருந்திருப்பார். கோயில் திருவிழாவுக்கு நன்கொடையும் அளித்திருப்பார். தனியே அமர்ந்து தம் உள்ளத்தை ஆராய்ந்திருந்தாலும் அங்கே பெருங்குற்றம் எதனையும் அவர் கண்டிருக்கமாட்டார். தம் எதிரே ஒருவர் மிதிவண்டியைவிட்டு இறங்குவதை அவர் மரியாதை என்றே எண்ணியிருப்பார். இறங்கியவரின் உள்ளத்தில் அது என்னவாக இருந்தது என்பதை அவர் எவ்வாறு அறிவார்? இறங்கியவர் வாய் திறந்தாலன்றி அறிய வழியில்லை. வாய் திறந்தால் வேலை போய்விடும்.

ஆகவேதான், குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அந்த 12 கோரிக்கைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அது தொழிலாளர்க்குப் பாதுகாப்பு. மேலிருப்போர்க்கோ தம் முகத்தைக் காட்டும் கண்ணாடி. திருவள்ளுவர் அரசனுக்குக் கடிந்துரைக்கும் பெரியாரைத் துணையாகக் கொள்ளச் சொன்னார். கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள், கடிந்துரைக்கும் உரிமை எளியவர்க்கும் வேண்டும் என்றனர்.

அக்கண்ணாடியை நோக்க அன்றைய ஆட்சியினர் விரும்பவில்லை. 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மீண்டும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது. அப்படையில் இருந்தோரும் இந்தியச் சிப்பாய்களே. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. பழைய ஆட்சியே சிதறியது. தொழிலாளர் கேட்ட சங்க உரிமை முழு உருப்பெற மேலும் பல்லாண்டுகள் ஆயின. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது 1954இல்.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வரலாற்றில் நமக்கு உரிய இடம் எது? ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளியோதான் ஆசிரியராக நின்றார். நம் தமிழ்ப்பள்ளிகளின் வேர் அங்கே உள்ளது. தமிழாசிரியர் என்பவர் தொடக்கம் முதலே இரண்டுக்கும் நடுவில் நின்றவர்: ஒரு பக்கம் மேலிடத்துக்கு அடங்கியவர், மறுபக்கம் பிள்ளைகளை அடக்கியவர்.

இன்றும் அந்நிலை மாறிவிடவில்லை. மேலதிகாரியின் ஒரு சொல் நம்மைச் சுட்டால் இரவெல்லாம் உறக்கம் வருவதில்லை. மறுநாள் காலை அதே சொல்லை ஒரு மாணவனிடம் கூறிவிட்டு நடந்துவிடுகிறோம். நாம் மிதிவண்டியைவிட்டு இறங்கிய இடங்களை எல்லாம் நினைவில் வைத்திருக்கிறோம். நமக்காகப் பிறர் இறங்கிய இடங்களை மறந்துவிடுகிறோம். நாம் பட்டதை அறிவது தன்னறிவின் ஒரு பாதி. நம்மால் பிறர் பட்டதை அறிவது மறுபாதி. தலைமைக்கு இரண்டும் வேண்டும்.

இந்த மறுபாதியைப் பெற எளிய வழி உண்டு. பருவத்துக்கு ஒருமுறை, மாணவர் தம் பெயரைக் குறிக்காமல் நம் கற்பித்தல் பற்றி எழுதித் தரச் செய்யலாம். எழுதியவர் யார் என்று கையெழுத்தைக் கொண்டு தேடாதிருத்தல் முதல் ஒழுங்கு. படித்தவற்றுள் ஒன்றையேனும் வகுப்பின் முன் ஏற்று, மாற்றிக்கொள்ளுதல் இரண்டாம் ஒழுங்கு. முதலாவது தவறினால் எவரும் உண்மை எழுதார். இரண்டாவது தவறினால் எவரும் எழுதுவதில் பயன் காணார்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் மாணவர் தலைவர்களாகவும் மன்றத் தலைவர்களாகவும் பொறுப்பேற்றிருப்பீர்கள். நீங்கள் வகுப்புக்குள் நுழையும்போது அங்கே பேச்சு நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். அந்த அமைதி மதிப்பினால் வந்ததா, அச்சத்தினால் வந்ததா என்பதை அங்குள்ளோருள் மிக எளியவரிடம் கேளுங்கள். அவர் உண்மையைச் சொன்னால் அவருக்கு நன்றி கூறுங்கள். அவர் சொல்லத் தயங்கினால், அத்தயக்கத்தையே விடையாகக் கொள்ளுங்கள்.

இன்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு விரைவுச்சாலையில் வருகிறோம். இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் அருகே வந்து இறங்குகிறோம். வழியில் இருந்த தோட்டங்கள் பல குடியிருப்புகளாகிவிட்டன. எவர்க்காகவும் வண்டியைவிட்டு இறங்கவேண்டியதில்லை என்னும் உரிமை இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. அதைக் கேட்டுப் பெற முனைந்தோருள் ஐவர் உயிரையே ஈந்தனர். நம் எதிரே எவரும் தலைகுனிந்து ஒதுங்கி நில்லாதபடி நடந்துகொள்வதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.