துப்பறியும் கண்



"பையன் எந்நேரமும் மர்மக்கதையும் கையுமாக இருக்கிறான்" என்று பெற்றோர் குறை கூறுவதை ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். கைப்பேசி வந்துவிட்ட இந்நாளில், அக்குறை கூறத்தக்க பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். எந்த நூலையேனும் ஒருவன் இரவு முழுவதும் விழித்துப் படிக்கிறான் என்றால், அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கதையில் வரும் துப்பறிவாளனின் கண்ணைக் கதை முடிந்ததும் எங்கே வைத்தாய் என்பதே அக்கேள்வி.

ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த பெருஞ்செல்வம், படிப்பதற்கான நேரம். இனயம் கடற்கரையில், அலையோசை கேட்கும் வீட்டில் அமர்ந்து, அண்மையில் மர்மக்கதைகள் சிலவற்றையும் உண்மை நூல்கள் சிலவற்றையும் மாற்றி மாற்றிப் படித்தேன். அப்போது தோன்றிய எண்ணங்களையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

தமிழில் துப்பறியும் கதைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் கதைகளுக்காக அக்காலத்தவர் காத்துக் கிடந்தனர். தேவன் படைத்த சாம்பு, தன் அறியாமையாலேயே குற்றவாளிகளைப் பிடித்து நம்மைச் சிரிக்க வைத்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே சிக்கல்களை அவிழ்த்தார். 1968-இல் 'நைலான் கயிறு' எழுதிய சுஜாதா, இத்துறைக்கு ஒரு புதிய நடையைத் தந்தார்.

இக்கதைகள் கற்பிப்பது என்ன? கண்ணில் படுவதை மட்டுமன்றி, படாமற் போனதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையே. ஆர்தர் கோனன் டாயில் 1892-இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' என்னும் கதையில் ஒரு பந்தயக் குதிரை இரவில் காணாமற் போகிறது. லாயத்தில் நாய் ஒன்று இருந்தது, அது குரைக்கவில்லை. இதனை மற்றவர் பொருட்படுத்தவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸோ, நாய் குரைக்காதபடியால் வந்தவன் அதற்குப் பழகியவனே என்று முடிவு செய்கிறார். மௌனமும் ஒரு சான்று ஆகும் என்பதை இதைவிட அழகாக விளக்குதல் அரிது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அந்த நாயை அங்கே கட்டி வைத்தவர் ஆசிரியர். புதிரை ஒளித்தவரும் அவரே. விடையை முன்னமே அறிந்தவரும் அவரே.

விடையை எவரும் முன்னதாக எழுதி வைக்காத புதிர்களும் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றிய ஆண்டு 1887. நம் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். லண்டனில் ஒரு கற்பனைத் துப்பறிவாளர் பிறந்தபோது, கும்பகோணத்தில் ஓர் உண்மைத் துப்பறிவாளர் தமது முதற்பெரும் வழக்கை முடித்திருந்தார். ஐயரவர்களின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1950-இல் நூலாயிற்று. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவியதும், ஐயர் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டதும், விளங்காத செய்திகளைச் சமண அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்ததும் அதில் விரிவாக உள்ளன. உரையாசிரியரான நச்சினார்க்கினியர் பிற நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டுகிறார். பல இடங்களில் நூற்பெயரைக் கூறுவதில்லை. அந்த மௌனமே ஐயருக்குத் துப்பாயிற்று. பெயர் தெரியாத அவ்வடிகளைத் தேடிச் சென்றவருக்குப் பழைய சங்க நூல்களின் உலகமே திறந்தது. குரைக்காத நாயையும் பெயர் சொல்லாத உரையாசிரியரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இரண்டிற்கும் வேண்டிய கண் ஒன்றே. ஆயினும் பின்னதில் எவரும் துப்பை வேண்டுமென்று ஒளித்து வைக்கவில்லை. விடை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால்தான் அந்த வெற்றி நம்மை மெய்சிலிர்க்கச் செய்கிறது.

இனி, கடலைப் பற்றிய ஒரு நூல். நார்வே நாட்டு அறிஞர் தார் ஹெயர்டால் எழுதிய 'கான்-டிக்கி'. 1947 ஏப்ரல் 28-இல், ஒன்பது பெரிய பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையில், அவரும் தோழர் ஐவரும் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டனர். 101 நாட்களுக்குப் பின் பசிபிக் கடலின் நடுவிலுள்ள ரரோயாத் தீவின் பவளப்பாறையில் ஒதுங்கினர். மரங்கள் உராய்ந்து கயிறுகள் விரைவில் அறுந்துபோகும் என்று பலர் எச்சரித்திருந்தனர். நடந்ததோ வேறு. மென்மையான பால்சா மரத்தில் கயிறு அழுந்திப் புதைந்து, உராய்விலிருந்து தப்பியது. ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தை அலைமேல் செலுத்திய மக்களின் கரையில் இருந்துகொண்டு இப்பகுதியைப் படித்தபோது, அம்மிதவை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

எந்த மர்மக்கதைக்கும் விறுவிறுப்பில் குறையாத நூல் இது. ஆனால் இங்கேதான் மாணவர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும். பசிபிக் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து சென்றவர்கள் என்பது ஹெயர்டாலின் கொள்கை. அவருடைய பயணம், அவ்வாறு செல்ல இயலும் என்று காட்டியது. அவ்வாறே சென்றார்கள் என்று காட்டவில்லை. மொழியும் அகழாய்வும் மரபணுவும், அம்மக்கள் ஆசியாவின் பக்கமிருந்து வந்தவர்கள் என்றே உரைக்கின்றன. அதேவேளையில், சுமார் 1200-ஆம் ஆண்டளவில் இரு மக்களுக்கும் இடையே கலப்பு நிகழ்ந்தது என்று 2020-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறியது. ஆகவே அவர் முழுவதும் வென்றார் என்பதும் பொருந்தாது; முழுவதும் தோற்றார் என்பதும் பொருந்தாது. பயணம் மெய், முடிவு ஐயத்திற்கு உரியது. நூல் நம்மைக் கவர்ந்துவிட்டது என்பதற்காக அதன் கொள்கை உண்மையாகிவிடாது.

தீர்ப்பு வராத வழக்கு ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்று அவன் கல்வெட்டுகள் கூறுகின்றன. கலம் என்பது மரக்கலமா? அப்படியாயின் அது கடற்போர். உண்கலமா? அப்படியாயின் அது சாலையில் நடந்த உணவளிப்பைப் பற்றிய செய்தி. ஒரு சொல்லின் பொருள் மாறினால் வரலாறே மாறுகிறது! தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 'காந்தளூர்ச் சாலை' என்னும் நூலை எழுதி இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கவிமணியைக் குழந்தைப் பாடல்களால் மட்டும் அறிந்தவர்கள், அவருடைய இந்தத் துப்பறியும் முகத்தையும் காணுதல் நலம். அறிஞர்கள் இன்றும் ஒருமுடிபு எய்தவில்லை. கடைசிப் பக்கத்தில் விடை இல்லாத நூலையும் பொறுமையோடு படிக்கக் கற்றவனே முதிர்ந்த வாசகன்.

இவையெல்லாம் ஏட்டறிவுதானே என்று சிலர் எண்ணலாம். கடற்கரையில் வாழும் எங்களுக்கு அப்படி அன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. நான்கு நாட்களுக்குப் பின், மீண்டும் அலை வருகிறது என்ற செய்தி பரவி, துயரம் ஆறாத மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினர், அலை வரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோதோ, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர் வீடு திரும்பவில்லை. பொய்ச்செய்தியும் கொடிது, வந்து சேராத மெய்ச்செய்தியும் கொடிது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தார், நிலநடுக்கம் நேர்ந்தவுடன், கடலடிக் கருவிகள் காட்டும் அளவுகளை நோக்கி எச்சரிக்கையைத் தொடர்வதா விலக்குவதா என்று முடிவு செய்கின்றனர். அதுவும் துப்பறியும் தொழிலே. அரசின் எச்சரிக்கை வந்தால் முதலில் மேட்டு நிலத்திற்குச் செல்லுங்கள். ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரில்லாமல் கைப்பேசியில் வந்து சேரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், இதனைக் கூறியவர் யார், அவர் எவ்வாறு அறிந்தார் என்று கேளுங்கள்.

மாணவ நண்பர்களே! ஒரு மர்மக்கதை படித்தால், அடுத்து ஓர் உண்மை நூலைக் கையில் எடுங்கள். அதன் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் இரண்டு குறிகள் இடுங்கள்: ஆசிரியர் சான்று காட்டும் இடத்தில் ஒன்று, சான்றின்றித் தம் கருத்தைக் கூறும் இடத்தில் மற்றொன்று. நூல் நூலகத்திற்கு உரியதாயின் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வாசகனும் தானே தேடிக் காணட்டும். பத்து நூல்களை இவ்வாறு படித்து முடித்தவனை ஏமாற்றுதல் எவர்க்கும் எளிதன்று.