நாவலூரார் உண்ட சோறும் கண்ட ஊரும்



நகரத்தைப் பாடவந்த நம் கவிஞர் பலர், 'நகரம்' என்னும் சொல்லில் இரண்டெழுத்தை இடம் மாற்றி 'நரகம்' என்று முடிப்பதை ஒரு மரபாகவே ஆக்கிவிட்டனர். முதலில் அதைச் செய்தவர் கவிஞர். பின்னர்ச் செய்தவர்கள் படியெடுத்தவர்கள். அந்நகரில் தாம் எங்கே உண்டார்கள், அதைச் சமைத்தவர் யார், ஓய்வு நாளில் எதைக் காணச் சென்றார்கள் என்பவற்றை அக்கவிதைகள் சொல்வதில்லை. திருநாவலூரில் நின்று பேசும்போது இக்குறை கூடுதலாக உறுத்துகிறது. ஊர் ஊராய்ச் சென்று கண்டதையும், தமக்கு வேண்டிய பொருளையும் நெல்லையும் கூச்சமின்றிக் கேட்டதையும் பாடிய ஒருவர் பிறந்த ஊர் இது.

சுந்தரர் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றி, நரசிங்கமுனையரையர் மாளிகையில் வளர்ந்தவர். நம்பியாரூரர் என்பது அவருக்கு இட்ட பெயர். பதிகங்களின் இறுதியில் அவர் தம்மை நாவலூரோடும் ஆரூரோடும் சேர்த்தே சொல்லிக்கொள்வார். பிறந்த சிற்றூரும் வாழ்ந்த பேரூரும் ஒரே பெயருக்குள் அடங்கிய புலவர் தமிழில் வேறு எவரேனும் உளரா என்பது எண்ணத்தக்கது. வேலைக்காகப் பெருநகர் சென்றவர்களின் கடிதங்களில் இரண்டு முகவரிகள் இருந்த காலம் ஒன்றுண்டு. நாவலூரார் அதைப் பதிகத்திலேயே செய்தார்.

திருவாரூர் வாழ்வில் அவருடைய அடுப்பு எரிந்தது பிறர் அனுப்பிய நெல்லால். குண்டையூர்க் கிழார் என்னும் பெருநிலக்கிழார், செந்நெல்லும் பருப்பும் கரும்பின் இனிய கட்டியும் தவறாது பரவையார் மனைக்கு அனுப்பிவந்தார். மழை பொய்த்தது, அனுப்ப நெல் இல்லை. இறையருளால் குண்டையூரில் நெல்மலை குவிந்தது என்கிறார் சேக்கிழார். நெல் கிடைத்தும் ஒரு சிக்கல் எஞ்சியது. அத்தனை நெல்லையும் ஆரூருக்குச் சுமந்து செல்ல ஆள் இல்லை. திருக்கோளிலியில் சுந்தரர் பாடிய பதிகம் இந்த ஆளில்லாக் குறையைத்தான் வெளிப்படையாக முறையிடுகிறது. மனையில் இருப்பவள் வாடக்கூடாதே என்ற கவலையையும் மறைக்கவில்லை. பக்திப் பதிகம் ஒன்றில் சுமைகூலி வேலைக்கு ஆள் கேட்கிறார்! இதனைத் தாழ்வாகக் கருதி விளக்கவுரைகளில் தத்துவம் பூசியோர் உண்டு. அத்தகைய பூச்சு இப்பாட்டுக்குத் தேவையில்லை.

பூதகணங்கள் அன்றிரவே நெல்லைக் கொணர்ந்து ஆரூர் வீதிகளில் நிறைத்தன. விடிந்தபின் பரவையார் செய்ததுதான் இக்கதையின் உயிர்நிலை. அவரவர் மனை எல்லைக்குள் விழுந்த நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார். கேட்டவர் சுந்தரர், கொடுத்தவர் இறைவன், ஊருக்குப் பங்கிட்டவர் பரவையார். பாடத்திட்டத்தில் முதலிருவரும் வினாக்களாக வருவர். மூன்றாமவர் பெரும்பாலும் குறிப்புரையோடு நின்றுவிடுகிறார்.

பயணத்தில் அவர் பட்ட பசி வேறு வகையது. ஆரூரினின்று புறப்பட்டுச் சீகாழி கடந்து திருக்குருகாவூர் நோக்கி வருகையில், அடியார் கூட்டத்தோடு வெயிலில் பசித்தும் நீர்வேட்கை கொண்டும் தளர்ந்தார். வழியில் ஒரு பந்தர். அதில் இருந்த அந்தணர் பொதிசோறும் தண்ணீரும் தந்தார். உண்டு, பந்தரின் நிழலில் உறங்கி எழுந்தபோது பந்தரும் இல்லை, அந்தணரும் இல்லை. நெடுவழியில் உண்ட உணவின் நினைவு எப்போதும் இப்படித்தான். சுவை நிற்கும், தந்தவரின் முகம் நிற்பதில்லை.

அங்கிருந்து தில்லை, திருத்தினைநகர் வணங்கித் தாம் பிறந்த திருநாவலூருக்கும் வந்து, பின் தொண்டைநாட்டினுள் சென்று திருக்கழுக்குன்றம் வழியாகத் திருக்கச்சூரை அடைந்தார். உச்சிப்பொழுது. உணவு ஆக்கும் பரிசனத்தார் வந்துசேரவில்லை. கோயில் வாயிலில் பசியோடு அமர்ந்திருந்தார். இறைவன் அந்தணராக வந்து, 'சற்று இரும்' என்று சொல்லி, கொதிக்கும் வெயிலில் கச்சூரின் வீடுதோறும் இரந்து சோறும் கறியும் கொணர்ந்து ஊட்டினார். உண்டபின் உண்மை உணர்ந்த சுந்தரர் பாடிய பதிகத்தில் நன்றியைவிட வருத்தமே மிகுதி. நண்பகலில் நீர் இப்படி இரந்து திரிவதைக் கண்டால் உம் அடியார் மனம் வாடாதா என்று கேட்கிறார். பசியாறிய உடனே, தமக்காக நடந்த கால்களை நினைக்கிறார். வரலாற்றுண்மை எவ்வளவு என்பது வேறு ஆராய்ச்சி. 12ஆம் நூற்றாண்டில் இதனை விரித்துரைத்த சேக்கிழார் குன்றத்தூரினர். தொண்டைநாட்டு வெயிலை நன்கு அறிந்தவர் என்பது மட்டும் உறுதி.

பின்னர்த் திருவொற்றியூர். மாலை தொடுக்கும் சங்கிலியாரை, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணந்தார். தென்றல் வீசியது; ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்தது. காண வேண்டும் என்னும் வேட்கை மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கண்ணொளி இழந்தார். விழாக் காணப் புறப்பட்டவருக்கு வழியே தெரியவில்லை. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், வலக்கண் ஆரூரில்தான். ஊர்காணும் இன்பத்திற்கு ஒருவரை விட்டுச்செல்வதே விலையானால், அக்காட்சி நிறைவாக அமையாது என்று சேக்கிழார் நேராகச் சொல்லவில்லை. கண்களை இரண்டு தவணையாகத் திருப்பித் தந்ததில் அது இருக்கிறது.

இங்கே ஒரு செய்தி. சென்னையின் குடிநீருக்காக 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, பழைய திருவெண்பாக்கம் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டது. கோயில் இடம்பெயர்ந்து கரையில் எழுந்தது. கண்ணிழந்தவர் கோல் பெற்ற இடத்தின் மேல் தேங்கிய நீரையும் சென்னை மாநகரம் பருகுகிறது. அந்தத் திருவொற்றியூரோ 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் அடங்கி, 2021 முதல் மெட்ரோ இரயில் செல்லும் பகுதியாகிவிட்டது.

காண்பவர் ஒருவர், உலையேற்றுபவர் ஒருவர் என்னும் இப்பிரிவினை சுந்தரருக்கு முன்பே தமிழில் அழுத்தமாகப் பதிவாகியுள்ளது. சிலப்பதிகாரத்தில் மதுரையைச் சுற்றிப் பார்ப்பவன் கோவலன். மணிகள் விற்கும் வீதி, அறுவை வீதி, கூல வீதி என்று ஊர்காண் காதை அவன் பின்னாலேயே நடக்கிறது. கண்ணகி ஆயர் சேரியில். மாதரி தந்த பலாக்காயையும் வெள்ளரியையும் மாதுளங்காயையும் அரிந்து விரல் சிவக்கிறாள்; அடுப்புப் புகையில் கண் சிவக்கிறாள். ஐயை உடனிருந்து உதவுகிறாள். வாழை இலையில் கணவனுக்குப் படைத்த அந்த உணவே அவன் உண்ட கடைசி உணவு. கண்ணகி மதுரை வீதிகளில் நடந்தது அதன் பின்னர்தான். ஊர்காண் காதை அவளுக்கு வாய்க்கவில்லை. வழக்குரைக்கும் காதையும் வஞ்சின மாலையுமே வாய்த்தன.

மாங்குடி மருதனாரின் கண் இன்னும் நுட்பமானது. 782 அடிகளில் மதுரையின் பகலையும் இரவையும் விரிக்கும் மதுரைக்காஞ்சியில், இனிய அடையும் மோதகமும் செய்து விற்கும் கூவியர் நள்ளிரவில் இருந்தவாறே உறங்கிவிழும் காட்சி வருகிறது. மன்னனுக்கு நிலையாமை உணர்த்த எழுந்த பாட்டு. ஆயினும் தூக்கம் கலையாத அடைவாணிகனைக் கடந்து செல்லப் புலவருக்கு மனம் வரவில்லை.

இம்மரபை இருபதாம் நூற்றாண்டில் தொட்டவர் புதுமைப்பித்தன். 1906இல் அவர் பிறந்த திருப்பாதிரிப்புலியூர் நாவலூருக்கு வெகு தொலைவன்று. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தில், சென்னையில் பிராட்வே முனையில் நின்று பிள்ளை ஒரு கணக்குப் போடுகிறார். டிராமில் சென்று மிஞ்சும் காசுக்கு வெற்றிலை போடுவதா, பேருந்து நடத்துநரை ஏய்த்துவிட்டு அரைக் கோப்பைக் காப்பி குடிப்பதா? நகரத்தில் ஊர்சுற்றுதலும் உண்ணுதலும் ஒரே பையின் சில்லறையிலிருந்து வருபவை என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. வழி கேட்டு வந்த கடவுளோடு அவர் செல்வது கோயிலுக்கன்று, காப்பி ஓட்டலுக்கு. கச்சூரில் சோறு இரந்த கடவுள் இங்கே நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். காலம் மாறிவிட்டது!

கவிஞர்களின் பணி இங்கேதான் நின்றுபோயிருக்கிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்திலிருந்தும் உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியிலிருந்தும் பிழைப்புக்காகச் சென்னை செல்வோர், மெஸ்ஸில் உண்கின்றனர். கையேந்தி பவனில் நின்றபடி உண்கின்றனர். ஞாயிறு மாலை மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு கடலைப் பார்க்கின்றனர். சென்னை மாநகராட்சி 2013இல் அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அங்கே சமைத்துப் பரிமாறுவோர் மகளிர் குழுவினர். பரவையாரின் பறையொலிக்கு இத்தனை அண்மையில் வேறெதுவும் இல்லை. ஆயினும் இவ்வடுப்படிகளைப் பாடிய நல்ல கவிதைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிராமத்துக் கூழை நகரத்தில் இருந்துகொண்டு ஏங்கும் கவிதைகளோ தொகுப்புத் தொகுப்பாய்க் கிடைக்கின்றன. ஏக்கம் பொய்யன்று. ஆனால் அன்றைய இரவு பசியாற்றிய இட்லியை மறைத்துவிட்டு எழுதும் ஏக்கத்தில் ஒரு நன்றிக்கேடு இருக்கிறது. சுந்தரரிடம் அது இல்லை.

நாவலூரை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவுப் பேருந்து ஏறுபவர், விடியுமுன் சிங்கப்பெருமாள் கோயிலைக் கடக்கிறார். திருக்கச்சூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். அதனைத் தாண்டித்தான் கிளாம்பாக்கம் நிலையம். இறங்கியவுடன் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்; மாநகரப் பேருந்துக்கு எவ்வளவு, தேநீருக்கு எவ்வளவு.